24 மெகாபிக்சலும் ஒரு நாமக்கோழியும்

டிஸ்கி: நான் தொழில்முறை போட்டோகிராபர் கிடையாது. சரவணம்பட்டி பக்கம் ஒரு கம்பெனியில் பொட்டி தட்டுகிற ஆசாமி. ஆணி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு உக்கடம் பெரியகுளத்துக் கரையில் சுற்றுவேன். அவ்வளவுதான் தகுதி. கல்லெறிய நினைப்பவர்கள் கொஞ்சம் சின்னக் கல்லாகப் பார்த்து எறியவும் :-)

போன மாசம் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணி. குளத்துக்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டம் ஒரு பக்கம், கேமராக் கூட்டம் ஒரு பக்கம். முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு நாமக்கோழிக்காகக் காத்திருந்தேன். நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்ட மாதிரி இருக்கும் கறுப்புப் பறவை, பெரியகுளத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாஸ், என்ன லென்ஸ்?"

"70-300ங்க."

"ஓ... அது முந்நூறுல சாஃப்டா இருக்குமே பாஸ்."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. அவர், அவருடைய நண்பர், சைக்கிளில் வந்த இன்னொருவர், நான் என்று நாலு பேர். மூலைக்கூர்மை, எம்டிஎஃப் சார்ட், 24 மெகாபிக்சல் போதுமா 45 வேணுமா என்று இருபது நிமிஷம் ஓடியது. நடுவில் ஒரு நீலத்தாழைக்கோழி ரெண்டு குஞ்சுகளோடு ஆகாயத்தாமரை மேல் நடந்து எங்கள் முன்னாடியே குறுக்கே போனது. நாலு பேரில் ஒருத்தரும் கேமராவைத் தூக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தோம்ல.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதான் இந்தப் பதிவு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூர்மை வேண்டாம்னு நான் சொல்லலை. படம் எதுக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போறோம்னு கேட்காம கூர்மையைப் பற்றிப் பேசறது வெட்டிப்பேச்சுன்னு சொல்றேன்.

முதலில் மெகாபிக்சல் கணக்கு. நம்ம எல்லாரும் இன்ஜினியரிங் முடிச்சவங்கதானே, ஆனா கேமராக் கடைக்குள்ள போனதும் ஏழாங்கிளாஸ் பரப்பளவுப் பாடம் மறந்துபோயிடுது. மெகாபிக்சல் என்பது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவது. 12 மெகாபிக்சலிலிருந்து 24க்குப் போனால் படம் ரெண்டு மடங்கு விவரம் காட்டாது. ஒரு பக்கத்துக்கு ரூட் 2, அதாவது 41 சதவீதம்தான் கூடும். நிஜமாவே ரெண்டு மடங்கு வேணும்னா 48க்குப் போகணும்.

சரி, எவ்வளவு தேவைன்னு பாருங்க. ஃபுல் எச்டி டிவி மொத்தமே 1920க்கு 1080, சுமார் 2 மெகாபிக்சல். 4கே டிவி 8.3. ஸ்டூடியோவில் போடுகிற நாலுக்கு ஆறு பிரிண்ட், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 2.2 மெகாபிக்சல். சுவரில் மாட்டுகிற எட்டுக்குப் பன்னிரண்டு என்றால் 8.6. இதுக்கு மேல எத்தனை பேர் பிரிண்ட் போடறீங்க, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

"பெருசாப் போட்டா?" என்று கேட்பீங்க. பெருசுன்னா நம்மூர்ல ஃபிளெக்ஸைவிடப் பெருசா என்ன இருக்கு? காதுகுத்து, கல்யாணம், கோயில் நோன்பு, எல்லாத்துக்கும் இருபதடிக்குப் பத்தடியில் மாமன் சிரிச்சுக்கிட்டு நிற்பார். அந்தப் படம் எங்கிருந்து வந்தது? யாரோ வாட்ஸப்பில் அனுப்பியது, ஏற்கெனவே சுருங்கினது. அதைத்தான் ஃபிளெக்ஸ் கடைக்காரர் இழுத்து மாமனை இருபதடிக்கு நிற்க வைக்கிறார். நமக்கு ரோட்டிலிருந்து நல்லாத்தானே தெரியுது?

காரணம் நம்ம கண்ணு. சாதாரணப் பார்வை உள்ள கண் பிரித்தறியும் அளவு சுமார் ஒரு ஆர்க் நிமிடம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. பத்து மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அதாவது பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது 3 மில்லிமீட்டருக்குச் சின்னப் புள்ளிகளை அச்சடிச்சும் பிரயோஜனமில்லை. இருபதடி என்பது 6096 மில்லிமீட்டர், மூணால வகுத்தா 2032. பத்தடிக்கு 1016. பெருக்குங்க. 2 மெகாபிக்சல்! கைக்குள்ள அடங்கற பிரிண்டுக்கும் இருபதடி மாமனுக்கும் தேவை ஏறக்குறைய ஒண்ணுதான். பார்க்கற தூரம் மாறுது, அவ்வளவுதான். (ஃபிளெக்ஸ் கிட்டப்போய் மூக்கு உரசற மாதிரி பார்க்கறவங்க விதிவிலக்கு. அவங்க யாருன்னு பார்த்தா எல்லாம் நம்ம கேமராக் கூட்டம்தான்.)

இன்னொரு தமாஷ். நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் 2012ல் செவ்வாயில் இறங்கியதே, அதன் மாஸ்ட் மேல் இருக்கிற முக்கியமான ரெண்டு கேமராவும் 2 மெகாபிக்சல்தான். 1600க்கு 1200. அந்த ஊரு மலைகளை நாம வாயைப் பொளந்து பார்த்தது அந்தச் சின்னச் சின்னப் படங்களை ஒட்டித் தைச்சுத்தான். இங்கே போன் விளம்பரத்தில் 200 மெகாபிக்சல் என்கிறான். வாங்கிப் பார்த்தால் சாதாரணமா எடுக்கிற படம் 12 மெகாபிக்சல். பதினாறு பிக்சலைச் சேர்த்து ஒண்ணாக்கிக் கொடுக்கிறான். அதில் தப்பில்லை, இருட்டில் நல்லாவே வேலை செய்யும். ஆனா டப்பாவில் 200ன்னு எழுதறான் பாருங்க, அங்கதான் நிக்கறான்.

மெகாபிக்சலை விடுவோம். லென்ஸ் கூர்மைதான் கொஞ்சம் சிக்கலான மேட்டர், ஏன்னா அது நிஜமாவே கண்ணுக்குத் தெரியும். விலை கூடின லென்ஸ் நல்லாத்தான் இருக்கும், அதை மறுக்க நான் பைத்தியமில்லை. ஆனா நம்ம படம் மங்கலா இருக்கறதுக்கு லென்ஸ்தான் காரணமா?

பெரியகுளத்துக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 300 எம்எம் லென்ஸ். பறவை 30 மீட்டர் தள்ளி. அப்படின்னா நிஜ அளவில் நூறில் ஒரு பங்காக சென்சாரில் விழும். பறவை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே போகுதுன்னு வைங்க, ஒண்ணும் பெரிய வேகமில்லை, நாம நடக்கறதைவிடக் கம்மி. ஷட்டர் 1/100 வினாடி. அந்த நேரத்துக்குள் பறவை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திடும். சென்சாரில் அது 0.1 மில்லிமீட்டர், 100 மைக்ரான். என் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான். ஆக மங்கல் 25 பிக்சல்! நடுப்பகுதியில் சுமார் லென்சுக்கும் சூப்பர் லென்சுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒண்ணு ரெண்டு பிக்சல் சமாச்சாரம். 25 பிக்சலை நம்ம சோம்பேறித்தனத்தில் விட்டுட்டு, ஒண்ணு ரெண்டு பிக்சலுக்கு லட்சக்கணக்கில் ஈஎம்ஐ கட்டறோம். ஷட்டரை 1/1000க்கு ஏத்தினா 25 ரெண்டரை ஆயிடும். காசா பணமா? கொஞ்சம் நாய்ஸ் வரும், வரட்டுமே.

அடுத்தது நம்மூர் வெயில். பத்து மணிக்கு மேல குளத்துல போட்டோ எடுத்தவங்களுக்குத் தெரியும். தண்ணிக்கும் கரைக்கும் மேல சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கலந்து நெளியும். தார்ரோட்டு மேல கானல் நெளியுமே, அதே சங்கதி. நூத்தம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற கூழைக்கடாவை எந்த லென்ஸ் வச்சு எடுத்தாலும் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரிதான் வரும். உலகத்துலயே விலை கூடின லென்சுக்கும் நடுவுல இருக்கற காத்தை ஒண்ணும் பண்ண முடியாது. ஆறரை மணிக்குப் போனா காத்து அமைதியா இருக்கும். அதுக்கு அலாரம் வச்சாப் போதும்.

எல்லாம் கூர்மையா வேணும்னு எஃப்/16ல் வச்சு எடுக்கிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. துவாரம் சின்னதாக ஆக ஒளி விலகிப் பரவும். எஃப்/11லேயே ஒரு புள்ளி சுமார் 15 மைக்ரான் வட்டமா விழும், எஃப்/16ல் 21. பிக்சல் 4 மைக்ரான்னு மேலே சொன்னேன். மிச்சத்தை நீங்களே யோசிங்க.

நம்ம ஆள் ஒருத்தரைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. மா. கிருஷ்ணன், 1912ல் பிறந்து 1996ல் மறைந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டுயிர் பற்றி 1950லிருந்து சாகும் வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதியவர். அவர் வச்சிருந்த கேமரா என்ன தெரியுமா? ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ், மத்த உதிரிகள் எல்லாம் எங்கிருந்தோ, தானே ஒட்டிக் கட்டினது. அதுக்கு சூப்பர் பாண்டரோசான்னு பேரு வேற வச்சிருந்தார். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. முதுமலை யானைகளை அவர் எடுத்த படங்களைப் புத்தகத்தில் பாருங்க. கூட்டத்தில் எது தாய், எது முறைக்குது, எது கண்டுக்காம மேயுதுன்னு தெரியும். அந்த லென்ஸ் மூலையில் சாஃப்டான்னு எனக்குக் கேட்கத் தோணவே இல்லை.

ராபர்ட் கேப்பா 1944 ஜூன் 6ல் நார்மண்டிக் கடற்கரையில் எடுத்த படங்களும் அப்படித்தான், ஆடி அலைஞ்சு மங்கிப்போனவை. பிற்பாடு போர் அனுபவத்தைப் புத்தகமா எழுதினப்ப அந்த ஆளு அதுக்கு வச்ச தலைப்பே 'கொஞ்சம் ஃபோகஸ் தப்பி' என்ற அர்த்தத்தில்தான் இருக்கும். குசும்பு.

ஆனா இதை வச்சுக்கிட்டு "கூர்மையே தேவையில்லை, ஃபீல்தான் முக்கியம்"னு சொல்றவங்க கூடவும் நான் சேரமாட்டேன். அது சோம்பேறிகளுக்கு வசதியான பேச்சு. குளத்தில் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கு. சின்ன நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா? தூரத்திலிருந்து ரெண்டும் ஒரே கறுப்பு. சின்னதுக்கு அலகு குட்டையா இருக்கும். மத்ததுக்கு அலகு நீளமா ஒல்லியா, கண்ணு நீலமா இருக்கும். கணக்கெடுப்புப் பட்டியலில் எதை எழுதறதுன்னு முடிவு பண்ண அந்தக் கண்ணு தெரியணும். அங்கே ஒவ்வொரு பிக்சலும் காசு பெறும். ஃபீலை வச்சு நீர்க்காகத்தை அடையாளம் காண முடியாது.

இந்த "எதுக்கு?" என்கிற கேள்வியை எனக்குக் கத்துக்கொடுத்தது போட்டோகிராபி புத்தகமெல்லாம் இல்லை. எங்கப்பா. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அப்பா குறிச்சி சிட்கோ பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல லேத் ஓட்டறவர். பம்ப் ஷாஃப்ட், புஷ், அந்த மாதிரி ஜாப் ஆர்டர். நான் காலேஜ் படிக்கிறப்ப ஒரு டிராயிங் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லா அளவுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 10 மைக்ரான்னு பெருமையா எழுதியிருந்தேன். பார்த்துட்டுச் சிரிச்சார்.

"ஏங்கண்ணு, பியரிங் உக்கார்ற எடத்துக்கு மைக்ரான் பாக்கோணும், சரி. இந்தப் பக்கம் வெறுமனே காத்துல நிக்குது. இதுக்கெதுக்கு மைக்ரான்? இப்படி வரைஞ்சு குடுத்தா, இவனுக்கு ஜாப்பு எங்க உக்காருதுன்னே தெரியலைன்னு அர்த்தம்."

லென்ஸ் விமர்சனம் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிராயிங்தான் ஞாபகம் வரும்.

இப்ப வெட்கக்கேடான பகுதி. இவ்வளவு பேசற நான், இந்த வருஷ ஆரம்பத்தில் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு ஒரு 600 எம்எம் ஜூம் வாங்க முடிவு பண்ணி, பாதிக் காசும் சேர்த்து வச்சிருந்தேன். ஹி ஹி. நண்பர் ஒருத்தர் அதே லென்சை ஒரு நாள் கடன் கொடுத்தார். என் பழைய லென்சிலும் அதிலும் ஒரே பறவையை எடுத்து, லேப்டாப்பில் நூறு சதவீதத்துக்குப் பெருசாக்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சு அப்பாகிட்ட காட்டினேன். மைக்ரான் பார்க்கிற கண்ணாச்சே, அவர் தீர்ப்புதான் கடைசித் தீர்ப்புன்னு.

உத்து உத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது கண்ணு."

எனக்கு ஒரே குஷி. பார்த்தீங்களா, முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் பிடிச்சவருக்கே வித்தியாசம் தெரியலை, இதையே வச்சு ஒரு பதிவு போட்டுக் கேமராக் கூட்டத்தைக் கிழிச்சிடலாம்னு தலைப்பெல்லாம் யோசிச்சுட்டேன். உண்மையா சொன்னா இந்தப் பதிவின் முதல் பாதி அப்ப எழுதி வச்சதுதான்.

அம்மாதான் அடுப்படியில இருந்து சொன்னாங்க. "அவருகிட்டப் போய்க் காட்டறயே. டிவியில ஸ்கோரே தெரியறதில்ல அவருக்கு."

அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளா உக்கடம் மேம்பாலத்துல ராத்திரி வண்டி ஓட்டமாட்டேங்கறார், "எதுத்தாப்ல லைட்டு கூசுது"ன்னு கீழ் ரோட்டிலயே வர்றார். பட்டறையில் அளவு பார்க்கப் பக்கத்து மிஷின் பையனைக் கூப்பிடறாராம். அவரா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. கண்ணு போச்சுன்னா லேத்துக்காரனுக்கு வேலை போச்சு, அதான். தினமும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, நாமக்கோழியோட கண்ணு கூர்மையா இருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்திருக்கேன் நான்.

ரெண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் ஒரு பொண்ணு லென்ஸ் விலைப்பட்டியலை எங்க முன்னாடி வச்சாங்க. சத்தியமா சொல்றேன், கேமராக் கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. உள்ளூர், வெளிநாடு, ஒரே தூரத்துக்கானது, பல தூரத்துக்கானது. நான் உடனே போனை எடுத்து விமர்சனம் தேட ஆரம்பிச்சுட்டேன், பழக்க தோஷம். கண்ணுக்குள்ள வைக்கிற லென்சுக்கும் எம்டிஎஃப் அளக்கிறாங்க, தெரியுமா உங்களுக்கு? எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

விலை கூடின பல தூர லென்ஸ்தான் பெஸ்ட்டுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாங்க. "ஐயா என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னார். அவங்க விளக்கினாங்க. பல தூர லென்ஸ் வர்ற வெளிச்சத்தைக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். கண்ணாடி அதிகம் தேவைப்படாது, ஆனா நுணுக்கமான கோடுகளோட கறுப்பு வெள்ளைத் தெளிவு கொஞ்சம் குறையும், ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் தெரியலாம். ஒரே தூர லென்ஸ் விலை கம்மி. தூரம் நல்லாத் தெரியும், கிட்டத்துக்குக் கண்ணாடி போட்டுக்கணும். அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"கண்ணாடி போட்டா மைக்ரோமீட்டர்ல கோடு தெரியுங்களாம்மா?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப அதையே வச்சுருங்க."

பியரிங் எங்க உக்காருதுன்னு தெரிஞ்ச மனுஷன். ஜூம் லென்ஸ் காசில் ஒரு பங்கு அங்கே போனது. மிச்சம் பேங்கில் கிடக்கு. அந்த ஜூமை வாங்கவே மாட்டேன்னு நான் சத்தியமெல்லாம் பண்ணலை. நீர்க்காகம் நீர்க்காகமாத்தானே இருக்கு.

ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு மாசம் ஒண்ணாச்சு, கிட்டத்துக்குக் கண்ணாடியும் வந்தாச்சு, அடுத்த கண்ணு இனிமேதான். எங்க ஹால்ல சோபாவுக்கு எதிரே என்னோட நாமக்கோழி படம் ஒண்ணு எட்டுக்குப் பன்னிரண்டு பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கேன். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடிச்ச படம். ஆறு மாசமா அங்கேதான் இருக்கு. வந்தவங்கெல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடியே "சூப்பர்"னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. போன வாரம் அப்பா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அது முன்னாடி போய் நின்னார். கிட்டத்துல. ஃபிளெக்ஸை மூக்கு உரசிப் பார்ப்பாங்கன்னு சொன்னேனே, அப்படி.

"ஏங்கண்ணு, இதுல கோழி மங்கலாவுல இருக்குது? பின்னால ஆகாயத்தாமரை எலைதான் நரம்பு நரம்பாத் தெரியுது."

ஓடிப்போய் லேப்டாப்பில் ஒரிஜினலைத் திறந்து பார்த்தேன். ஃபோகஸ் புள்ளி இலை மேல உட்கார்ந்திருக்கு. அவ்வ்வ்வ்.

வர்ற ஞாயிறு குளத்துக்கு அவரும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.